இல்லத்தில் முளைக்கட்டும் இறைநன்றி



திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எங்கள் கப்பல்துறைப் பகுதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் நிகழ்ந்த சிறு சம்பவம் ஒன்றை முதலில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். லூக்கா நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தில் வரும் பத்துத் தொழுநோயாளரின் நிகழ்ச்சியை வாசித்து முடித்த பின்னர், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, இறைவனுக்கு நன்றி சொல்ல விரும்பும் ஐந்து காரியங்களை எழுதுமாறு கூறினேன். பிள்ளைகள் உற்சாகமாக எழுதினார்கள். அம்மா, அப்பா, வீடு, புதுச் சப்பாத்து, துவிச்சக்கர வண்டி என்று தாள்கள் நிறைந்தன. நான்காம் தரத்தில் பயிலும் ஒரு சிறுமி மாத்திரம் எழுதாமல் இருந்தாள். அவளுடைய தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்கு நாடொன்றுக்குச் சென்று அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மம்மாவே அவளை வளர்த்து வந்தார்.

அவளருகே சென்று, "உன்னைவிட இல்லாதவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களை நினைத்துப் பார்" என்றேன். நாம் எல்லோரும் வழக்கமாகச் சொல்கின்ற அதே வார்த்தைகள்தாம். வகுப்பு முடிந்ததும் அவள் தந்த தாளில் ஒரேயொரு வரி இருந்தது: "அம்மா வந்த பிறகு எழுதுவேன்."

அந்தத் தாளை இன்றும் பத்திரமாக வைத்திருக்கின்றேன். தவறு அந்தப் பிள்ளையிடம் இல்லை. நான் கேட்ட முறையிலேயே இருந்தது என்பதை உணர எனக்கு நெடுநாள் எடுத்தது. நம் பிள்ளைகளுக்கு நன்றியைக் கற்பிக்க வேண்டும் என்பதில் நம்மில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் எத்தகைய நன்றியை நாம் கற்பிக்கின்றோம் என்பதை ஒருமுறை நிதானமாகச் சிந்தித்துப் பார்க்க வேண்டியவர்களாக இருக்கின்றோம்.

நாம் கற்பிக்கும் நன்றி

நம் இல்லங்களில் மூன்று விதமான நன்றி கற்பிக்கப்படுவதைக் காண்கின்றோம். முதலாவது, ஒப்பிட்டுப் பார்க்கும் நன்றி. "அந்தப் பிள்ளைக்குச் சோறும் இல்லை, உனக்கு மீனும் இருக்கிறது, கடவுளுக்கு நன்றி சொல்" என்கின்றோம். அயலவனுடைய வறுமையை நம் மகிழ்ச்சிக்கு அளவுகோலாக்குவது நன்றியாகுமா? கோவிலில் நின்று, தான் மற்றவர்களைப்போல் இல்லை என்பதற்காகக் கடவுளுக்கு நன்றி கூறிய பரிசேயனின் செபத்தை ஆண்டவர் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது, வெற்றிக்கான நன்றி. புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தால் நன்றித் திருப்பலி. வெளிநாட்டு விசா கிடைத்தால் மடுத் திருத்தலத்துக்கு யாத்திரை. நேர்த்திக்கடன் நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற அழகிய பக்தி முயற்சி. அதை நான் குறைகூற வரவில்லை. ஆனால் பரீட்சையில் தவறிய ஆண்டில் அதே இல்லத்தில் நன்றிச் செபம் நின்றுபோகுமானால், கடவுளோடு நாம் கொடுக்கல் வாங்கல் நடத்துகின்றோம் என்றே பிள்ளை விளங்கிக்கொள்ளும்.

மூன்றாவது, பழக்கத்தால் வரும் நன்றி. உணவுக்கு முன் அவசரமாக ஒரு சிலுவை அடையாளம், உதட்டில் ஒரு முணுமுணுப்பு, கண்ணோ கைத்தொலைபேசியில். அது நற்பழக்கமே, எனினும் எதற்காக, யாருக்கு என்ற உணர்வு இல்லாதபோது அது வெறும் ஓசையாகிவிடுகின்றது.

நன்றியுணர்வு மனத்துக்கு நலம் தரும் என்பதை இன்றைய உளவியலும் ஏற்றுக்கொள்கின்றது. ரொபட் எமன்ஸ், மைக்கல் மெக்கலோ என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் இருவர் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நன்றிக்குரியவற்றை ஒழுங்காக எழுதிவந்தவர்கள், தொல்லைகளை மட்டும் எழுதிவந்தவர்களைவிடத் தங்கள் வாழ்வு குறித்து நல்லெண்ணம் மிக்கவர்களாய் இருந்தமை காட்டப்பட்டுள்ளது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் கிறிஸ்தவ நன்றி மனநிம்மதிக்கான மருந்து மாத்திரம் அன்று. அது ஒருவரை நோக்கிச் சொல்லப்படுவது. கொடையைப் பார்த்து மகிழ்வதோடு நின்றுவிடாமல், கொடுத்தவரிடம் திரும்பி வருவதே அதன் உள்ளடக்கம். பத்துத் தொழுநோயாளரும் நலமடைந்தார்கள். பத்துப் பேரும் மகிழ்ந்திருப்பார்கள். ஒருவரே திரும்பி வந்தார்.

துயர இரவில் பிறந்த நன்றி

நம் வழிபாட்டின் மையம் நற்கருணை. அதனைக் குறிக்கும் 'எவுக்கரிஸ்தியா' என்னும் கிரேக்கச் சொல்லின் பொருளே நன்றியறிதல் என்பதாகும். ஆண்டவர் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தியது எப்போது? வெற்றிவிழாவின் போதா? புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமடலின் 11ஆம் அதிகாரத்தில் அதைத் தெளிவாகக் குறிப்பிடுகின்றார். ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட அதே இரவில்தான் அது நடைபெற்றது. நண்பன் ஒருவன் விலைபேசிவிட்டான், மற்றொருவன் விடியுமுன் மறுதலிக்கப் போகின்றான், சிலுவை காத்திருக்கின்றது. அந்த இரவில் இயேசு தந்தைக்கு நன்றி செலுத்தினார். சில மணி நேரத்துக்குள் கெத்சமனித் தோட்டத்தில் அதே தந்தையிடம், துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலவேண்டும் என்று வியர்வை சிந்தி மன்றாடினார். நன்றியும் கண்ணீரும் ஒரே இரவில், ஒரே இதயத்திலிருந்து எழுந்தன. கிறிஸ்தவப் பிள்ளை கற்க வேண்டிய நன்றி இதுவே.

நம் மாவட்டத்தவருக்கு இது நூலில் மாத்திரம் படிக்கும் பாடம் அன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருவழிபாட்டு நாட்காட்டியில் அன்று திருக்குடும்பப் பெருவிழா. நாசரேத்தூர்க் குடும்பத்தை நினைத்துக் குடும்பங்களாகக் கூடிச் செபிக்கும் அந்த நாளின் காலையிலேதான் ஆழிப்பேரலை நம் கரைகளில் ஏறியது. நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர் என்று எத்தனையோ ஊர்கள் சிதைந்தன. நாடு முழுவதிலும் 30,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உயிர் தப்பியவர்களில் பலர், "கடவுள் எங்களைக் காப்பாற்றினார்" என்று சொன்னார்கள். அந்தச் சொல்லில் பொய்யில்லை. ஆனால் அதே சொல்லைப் பிள்ளையை இழந்த அயல்வீட்டுத் தாய் கேட்டபோது, அவளுடைய உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்? "அப்படியானால் என் பிள்ளையை ஏன் காப்பாற்றவில்லை?" என்ற வினாவுக்கு விடை சொல்லக்கூடியவர் நம்மில் யார்?

ஆகவே பெற்றோரே, இதை உங்களிடம் பணிவோடு, எனினும் உறுதியோடு சொல்ல விரும்புகின்றேன். மற்றவர்களைவிடக் கடவுள் நம்மை விரும்பினார் என்ற எண்ணத்தின்மேல் பிள்ளையின் நன்றியைக் கட்டியெழுப்பாதீர்கள். வாழ்வு நமக்குரிய கூலியன்று, அது கொடை என்ற உணர்வின்மேல் கட்டியெழுப்புங்கள். முன்னையது பிள்ளையைக் கர்வத்துக்கு இட்டுச்செல்லும். பின்னையது அயலவனுடைய கண்ணீரைத் துடைக்க அனுப்பும். எல்லாச் சூழ்நிலைகளிலும் நன்றி கூறுமாறு தெசலோனிக்கருக்குப் புனித பவுல் அறிவுறுத்தினார். எல்லாச் சூழ்நிலைகளுக்காகவும் நன்றி கூறும்படி அவர் கேட்கவில்லை. இந்த வேறுபாடு சிறியதன்று. தாயைப் பிரிந்திருக்கும் பிள்ளை அந்தப் பிரிவுக்காக நன்றி சொல்ல வேண்டியதில்லை; அந்தப் பிரிவின் நடுவிலும் தன்னைத் தாங்குகின்ற கரங்களைக் கண்டுகொள்ளவே நாம் அதற்கு உதவ வேண்டும்.

குருக்கள் இல்லாத காலத்தில்

இவற்றையெல்லாம் மறைக்கல்வி ஆசிரியர்களும் பங்குத்தந்தையும் பார்த்துக்கொள்வார்கள் என்று சிலர் எண்ணக்கூடும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டு வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கம், குடும்பத்தை இல்லத் திருச்சபையாகவும், பெற்றோரைத் தம் பிள்ளைகளுக்கு விசுவாசத்தை முதன்முதல் அறிவிப்பவர்களாகவும் காண்கின்றது. இது இலங்கைக் கத்தோலிக்கராகிய நமக்குப் புதிய செய்தியன்று.

1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானது. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர், வழிபாடு தடைசெய்யப்பட்டது. 1687ஆம் ஆண்டு கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளின் கோலத்தில் வந்து சேரும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நம் முன்னோர் மேய்ப்பரின்றி வாழ்ந்தனர். அடிகளார் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார் என்றும், அதைக் கண்டு முகம் மலர்ந்தவர்களைக் கொண்டே கத்தோலிக்கரை இனங்கண்டார் என்றும் அவரது வரலாறு கூறுகின்றது. ஆலயம் மூடப்பட்டிருந்த அந்த முப்பது ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குச் செபமாலையை அறிமுகப்படுத்தியவர் யார்? அடுப்படியிலும் திண்ணையிலும் அமர்ந்திருந்த தாய்மாரும் பாட்டிமாருமே. 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் யோசேப் வாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்தியபோது, பெயர் தெரியாத அந்த இல்லங்களும் ஒருவகையில் பெருமைப்படுத்தப்பட்டன என்றே நான் எண்ணுகின்றேன்.

அதே திருத்தந்தை, அதே ஆண்டு மே மாதப் பொது மறைக்கல்வி உரையில், குடும்ப வாழ்வுக்கு இன்றியமையாத மூன்று சொற்களில் ஒன்றாக நன்றி என்னும் சொல்லைக் குறிப்பிட்டார். அனுமதி கேட்பதும் மன்னிப்புக் கேட்பதும் மற்றைய இரண்டு. மனைவிக்கு நன்றி சொல்லாத தந்தையும், மாமியாருக்கு நன்றி சொல்லாத தாயும் உள்ள வீட்டில், கடவுளுக்கு நன்றி சொல் என்று பிள்ளையைக் கட்டாயப்படுத்துவதால் பயனில்லை. பிள்ளை நாம் சொல்வதைக் கேட்டுக் கற்பதைவிட, நாம் செய்வதைப் பார்த்தே கற்கின்றது.

இல்லத்தில் செய்யக்கூடியவை

அப்படியானால் குடும்பமாக நாம் செய்யக்கூடியவை எவை? பணச் செலவோ பெரும் ஆயத்தமோ தேவையில்லாத சிலவற்றை இங்கு முன்வைக்கின்றேன்.

முதலாவது, மாலைச் செபம். செபமாலை முழுவதையும் சொல்லச் சிறுபிள்ளைகளால் இயலாவிட்டால் ஒரு பத்து மணிகளாயினும் சொல்லுங்கள். அதன் முடிவில் ஒவ்வொருவரும் அன்றைய நாளில் நன்றிக்குரிய ஒன்றையும், மனத்துக்குப் பாரமாயிருந்த ஒன்றையும் சொல்லட்டும். இரண்டும் சொல்லப்பட வேண்டும். திருப்பாடல்கள் 150இல் புகழ்ச்சிப் பாடல்களும் உண்டு, புலம்பல்களும் ஏராளமாக உண்டு. புலம்புவதற்கு அனுமதி இல்லாத வீட்டில் நன்றி நடிப்பாகிவிடும். பெரியவர்களே முதலில் தொடங்குங்கள். "இன்று கடலில் ஒன்றும் படவில்லை, மனம் சோர்ந்துபோனேன், ஆனாலும் பக்கத்து வள்ளத்துக்காரர் இரண்டு மீன் தந்தார்" என்று தந்தை சொல்லக் கேட்கும் பிள்ளை, எந்தப் பாடநூலும் தராத பாடத்தைக் கற்றுக்கொள்ளும். வெளிநாட்டில் இருக்கும் தாயோ தந்தையோ அந்த நேரத்தில் பேச இயலாவிட்டால், பிள்ளையின் நன்றியைக் கைத்தொலைபேசியில் குரல் பதிவாக அனுப்பிவையுங்கள். அங்கிருந்து மாதந்தோறும் வருவது பணம் மாத்திரம் அன்று, ஒரு மனிதரின் உழைப்பும் தனிமையும் என்பதைப் பிள்ளை அறிந்திருத்தல் நல்லது.

இரண்டாவது, நினைவுக் கற்கள். யோர்தான் ஆற்றைக் கடந்த இஸ்ரயேலர், ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவந்து நாட்டினர். பிற்காலத்தில் பிள்ளைகள் அவற்றின் பொருளைக் கேட்கும்போது, ஆண்டவர் செய்ததை எடுத்துரைப்பதற்காகவே அவை நாட்டப்பட்டன என்று யோசுவா நூலின் 4ஆம் அதிகாரம் கூறுகின்றது. நம் கடற்கரையில் கற்களுக்கோ சிப்பிகளுக்கோ குறைவில்லை. குடும்பத்தின் முக்கிய நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கல்லை எடுத்து, ஆண்டை எழுதி, வீட்டுத் திருச்சுரூபத்தின் அருகே வையுங்கள். இடம்பெயர்ந்து முகாமிலிருந்து ஊர் திரும்பிய ஆண்டு, சொந்தக் கூரை எழும்பிய ஆண்டு, தம்பியின் காய்ச்சல் தணிந்த நாள், தாத்தா இறைபதம் அடைந்த நாள் என யாவும் அதில் அடங்கட்டும். முதற்கனிக் கூடையைக் கொண்டுவரும் இஸ்ரயேலன் விளைச்சலைப் பற்றி மட்டும் பேசாமல், தன் மூதாதையர் அலைந்து திரிந்ததையும் அடிமைகளாய் இருந்ததையும் அறிக்கையிட வேண்டும் என்று இணைச்சட்ட நூலின் 26ஆம் அதிகாரம் பணிக்கின்றது. நம் பிள்ளைகளிடம் நாம் கடந்துவந்த துன்பங்களை மறைத்துவிட்டு, அவர்கள் நன்றியற்றவர்களாய் இருக்கிறார்களே என்று வருந்துவது நியாயமன்று. அறியாத ஒன்றுக்கு எவரால் நன்றி கூற முடியும்?

மூன்றாவது, பிடியரிசி. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை வேறொரு பானையில் போட்டுவைத்து, வார இறுதியில் ஆலயத்துக்கோ இல்லாதவருக்கோ கொடுப்பது நம் பாட்டிமாரின் வழக்கமாய் இருந்தது. அந்தப் பிடியை இனி உங்கள் பிள்ளையின் கையால் எடுக்கச் செய்யுங்கள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை நாம் மறந்துவிடவில்லை. பிரித்தானியர் காலத்துப் பாரிய எண்ணெய்த் தாங்கிகள் சீனக்குடாவில் நிற்க, அவற்றின் அயலிலேயே மண்ணெண்ணெய்க்காக மணிக்கணக்கில் வரிசையில் நின்றோம். பால்மா கிடைத்த வீடு கிடைக்காத வீட்டோடு பகிர்ந்துகொண்டது. அன்று பிள்ளைகளின் கண்முன்னே நடந்த அந்தப் பகிர்வு, பொருட்கள் மீண்டும் கடைக்கு வந்ததும் நின்றுபோய்விடவில்லையா? பிடியரிசி அதை நம் அடுப்படியில் உயிரோடு வைத்திருக்கும். 1843ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ஆயர் ஃபோர்பன் ஜான்சன் தொடங்கிய திருப்பாலத்துவ சபையும் இவ்வளவு எளிய அடித்தளத்தின்மேல்தான் எழுந்தது. நாளுக்கு ஒரு அருள்நிறை மந்திரம், மாதத்துக்கு ஒரு சிறு நாணயம். பிள்ளைகள் பிள்ளைகளுக்கு உதவ அதுவே போதுமாயிருந்தது.

நான்காவது, திருமுழுக்கு நாள். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகின்றோம். பிள்ளை திருமுழுக்குப் பெற்ற நாள் எது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பங்குப் பதிவேட்டில் அந்தத் திகதியை அறிந்து, ஆண்டுதோறும் அன்று மாலை ஒரு மெழுகுதிரியை ஏற்றுங்கள். ஞானத்தாய் தந்தையரை அழைத்து, பிள்ளை அவர்களுக்குத் தன் வாயால் நன்றி சொல்லட்டும்.

அயலவரிடம் கற்போம்

திரும்பிவந்து நன்றி சொன்ன அந்த ஒருவரைப் பற்றி நற்செய்தியாளர் ஒரு செய்தியைத் தவறாமல் குறிப்பிடுகின்றார். அவர் ஒரு சமாரியர். யூதர்கள் அந்நியராக ஒதுக்கிய இனத்தைச் சேர்ந்த அவரே நன்றிக்கு எடுத்துக்காட்டாக நிறுத்தப்படுகின்றார். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் திருகோணமலையில் இது நமக்கு மிகவும் பொருத்தமான பாடம். நலமா என்று கேட்டதும் இறைவனைப் புகழ்ந்துவிட்டே மறுமொழி சொல்லும் முஸ்லிம் அயலவரிடமும், கதிரவனுக்கும் உழவு மாட்டுக்கும் பொங்கலிட்டு நன்றி சொல்லும் இந்து உறவினரிடமும் நாம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. தைப்பொங்கல் நாளில் நம் ஆலய வளவிலும் பொங்கலிட்டு நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கின்றோம். அன்று பிள்ளையின் கையில் ஒரு பாத்திரத்தைக் கொடுத்து அயல் வீடுகளுக்கு அனுப்புங்கள். பாத்திரம் வெறுமையாய்த் திரும்பி வராது என்பது இந்த மண்ணின் வழக்கம். அதையும் பிள்ளை கண்டுகொள்ளட்டும்.

அன்பார்ந்தவர்களே, மறைக்கல்வி வகுப்பில் வரி ஒன்றை மட்டும் எழுதித் தந்த சிறுமியைப் பற்றிச் சொல்லாமல் முடிப்பது முறையன்று. அவளிடம் பின்னர் நான் மன்னிப்புக் கேட்டேன். அவளுடைய அம்மம்மாவோடும் பேசினேன். அந்த முதியவர் எவரிடமும் பயிற்சி பெற்றவரல்லர். எழுத்தறிவும் அவருக்குக் குறைவு. ஆயினும் அன்றிரவு முதல், செபமாலைக்குப் பின் பேர்த்தியை மடியில் இருத்தி, அந்த நாளின் நல்லதையும் கெட்டதையும் இயேசுவிடம் சொல்லும்படி கேட்டுவந்தார். அவள் அழுத நாட்களில் அழவிட்டார். சில மாதங்களுக்குப் பின் வகுப்பில் அதே பயிற்சியை மீண்டும் கொடுத்தேன். இம்முறை ஐந்து என்று எண்ணிக்கை சொல்லவில்லை, பாரமானதையும் எழுதலாம் என்று கூறினேன். அவள் இரண்டு வரிகள் எழுதினாள். "அம்மம்மா ஒவ்வொரு நாளும் தலை இழுத்து விடுகிறதற்கு நன்றி, இயேசுவே. அம்மா இன்னும் வரவில்லை."

இதைவிடச் சிறந்த நன்றிச் செபத்தை நான் கேட்டதில்லை. அதில் கொடையும் இருந்தது, குறையும் இருந்தது. இரண்டும் ஒருவரிடமே ஒப்படைக்கப்பட்டிருந்தன. காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தைக் கையிலெடுத்த ஆண்டவருக்கு அந்த இரண்டு வரிகளும் நன்கு விளங்கியிருக்கும்.

இன்று மாலை உங்கள் இல்லத்தில் மெழுகுதிரியை ஏற்றும்போது, பிள்ளையிடம் நன்றி சொல்லும்படி கேட்குமுன், முதலில் நீங்கள் உங்கள் பிள்ளைக்காக அதன் காது கேட்க இறைவனுக்கு நன்றி சொல்லுங்கள். அங்கிருந்து தொடங்கட்டும் உங்கள் இல்லத் திருச்சபையின் நன்றிப் பலி. நாசரேத்தூர்த் திருக்குடும்பம் உங்கள் குடும்பங்களுக்குத் துணைநிற்பதாக. ஆமென்.